ஒட்டக மந்தையைப் பால்மாட்டுக் கணக்கால் அளக்காதீர்கள்

பெறுநர்:
செயலர் அவர்கள், கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை, இந்திய ஒன்றிய அரசு;
இயக்குநர் அவர்கள், கால்நடை பராமரிப்புத் துறை, இராஜஸ்தான் அரசு.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கால்நடை மருத்துவனாக என் பணிக்காலத்தின் பெரும்பகுதியை மேற்கு இராஜஸ்தானின் பாலி, ஜோத்பூர், பிகானேர் மாவட்டங்களில் கழித்தவன் நான். ஒட்டகம் வளர்க்கும் ராய்க்கா குடும்பங்களோடு மேய்ச்சல் தடங்களில் நடந்தும், அவர்களுடைய கிடைகளில் இரவு தங்கியும் கற்றதை வைத்தே இம்மடலை எழுதுகிறேன். இதன் இந்தி மொழியாக்கத்தைத் தங்கள் அலுவலகங்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். ஒன்றிய அரசின் கால்நடைத் திட்டங்கள் எல்லா மாநிலத்தவருக்கும் பொதுவானவை. ஊர் ஊராக ஆட்டுக்கிடை போட்டு நடக்கும் நம் கீதாரிகளின் பாட்டை அறிந்த தமிழ் வாசகருக்கு ராய்க்காக்களின் பாடு எளிதில் விளங்கும். ஆகவே தமிழிலும் வெளியிடுகிறேன்.

1982-இல் நாட்டில் ஏறத்தாழ 11 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2012-இல் அவை 4 லட்சமாகவும், 2019-இன் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் 2.5 லட்சமாகவும் குறைந்துவிட்டன. எஞ்சியவற்றுள் 2 லட்சத்துக்கு மேற்பட்டவை இராஜஸ்தானில் உள்ளன. டிராக்டரும் தார்ச்சாலையும் வந்தபின் ஏருக்கும் வண்டிக்கும் ஒட்டகம் தேவைப்படாமல் போனது பழைய வீழ்ச்சிக்கான காரணம். ஆனால் கடைசி ஏழாண்டுச் சரிவை அந்தக் காரணத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. அந்த ஏழாண்டுகளுக்குள்தான் 2014-இல் இராஜஸ்தான் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது; 2015-இல் அதைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் இயற்றியது; 2016-இல் பிறக்கும் கன்றுக்கு மூன்று தவணையாக 10,000 ரூபாய் தரும் திட்டத்தையும் தொடங்கியது. பாதுகாப்பு கூடிக்கொண்டே போன ஆண்டுகளில் மந்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்தது ஏன் என்பதைத் துறை தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று வேண்டுகிறேன்.

உற்பத்தித்திறனைப் பெருக்கினால் ஒட்டகம் பிழைக்கும் என்ற தங்கள் கருத்தை நான் மறுக்கவில்லை. உற்பத்தித்திறன் என்று எதை அளக்கிறோம் என்பதில்தான் வேறுபடுகிறேன். பசுவுக்கும் எருமைக்கும் பழகிய நம் துறை, ஒரு விலங்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கறக்கிறது என்று கேட்டே பழகிவிட்டது. வறண்ட நிலத்தில் விலைக்குத் தீவனம் வாங்காமல், முள்ளையும் உப்புச்செடியையும் தின்று வாழும் மந்தைக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. எத்தனை பெட்டைகள் ஈன்றன, ஈன்ற கன்றுகளில் எத்தனை ஓராண்டைத் தாண்டின, வளர்ந்த ஆண்களில் எத்தனை நல்ல விலைக்குப் போயின, இவற்றுக்காக வளர்ப்பவர் கையிலிருந்து எவ்வளவு செலவானது என்பவையே அங்கு கேட்க வேண்டியவை.

கணக்குக்காக ஒரு மந்தையை எடுத்துக்கொள்வோம். நூறு ஒட்டகங்களில் ஈனும் பருவத்துப் பெட்டைகள் 60 என்று வைத்துக்கொள்ளலாம். சினைக்காலம் ஏறத்தாழ 13 மாதம். இணைசேர்வது குளிர்காலத்தில் மட்டும். ஆகவே இந்தக் குளிரில் ஈன்ற பெட்டை அடுத்த குளிரில்தான் மீண்டும் சினையாகும், அதற்கடுத்த குளிரில்தான் ஈனும். அதாவது இரண்டாண்டுக்கு ஒரு கன்று. ஆண்டுக்கு மந்தையில் 30 கன்றுகள். அவற்றில் பத்து இறந்தால் மிஞ்சும் இருபதில் பெட்டை பத்து. முதல் ஈற்றுக்கு ஐந்து வயதாவது ஆக வேண்டும். அதற்குள் இரண்டு மூன்று கழிந்துவிடும். கிழடாகியும் நோயுற்றும் போகும் தாய்களுக்கு ஈடு செய்யவே மீதி சரியாகிவிடும். மந்தை ஆண்டு முழுதும் உழைத்து அதே இடத்தில் நிற்கிறது. இப்போது கன்று இறப்பைப் பத்திலிருந்து ஐந்தாகக் குறைத்துப் பாருங்கள். ஒரு துளிப் பால் கூடாமலே மந்தை வளரத் தொடங்குகிறது. விற்பதற்கு ஆண்களும் கூடுகின்றன. பெட்டை ஒன்றுக்கு அரை லிட்டர் கூடுதலாகக் கறப்பதைவிட இது பெரிய ஆதாயம் என்பதை எந்த ராய்க்கா மூத்தவரும் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்.

கன்று வாழ்ந்தால்தான் பாலும் உண்டு. பெட்டை ஒட்டகம் கன்று வாய்வைத்த பிறகே பாலை இறக்கும். இறக்கிய பால் ஓரிரு நிமிடங்களே ஒழுகும். அதற்குள் கறந்தாக வேண்டும். நான்கு காம்புகளில் இரண்டைக் கன்றுக்கு விட்டு இரண்டைக் கறப்பது மரபு. ஒரு மாசி மாத விடியலில், முந்திய இரவு கன்றைப் பறிகொடுத்த பெட்டையின் அருகில் அதன் உரிமையாளர் கன்றின் தோலை ஏந்தி நின்றதைப் பார்த்தேன். அதை முகர்ந்து முகர்ந்து பார்த்தபின் அது சிறிதளவு பால் விட்டது. ஈரமான மணலில் குளிர்ந்த இரவு, சீம்பால் போதாமை, உண்ணி, கழிச்சல் ஆகியவையே அந்தப் பருவத்தில் கன்றுகளைக் கொண்டுபோகின்றன. இவற்றுள் எதற்கும் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஈனும் மாதங்களில் மந்தை எங்கே தங்கியிருக்கிறது என்று அறிந்து, அங்கே போய், பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பாலை வயிறார ஊட்டச் செய்து, தொப்புளுக்கு மருந்து தடவி, காற்றைத் தடுக்க ஒரு தட்டி கட்டிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பிறக்கும் கன்றுக்குப் பணம் தரும் திட்டத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பணம் மந்தைக்கு வந்து சேரும் வழி மிக நீளமானது. அலுவலர் நேரில் கண்டு, காதில் வில்லை மாட்டி, வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பதற்குள் மந்தை மூன்று வட்டங்களைக் கடந்திருக்கும். ஒரு பருவத்தில் நானே எழுதிக்கொடுத்த சான்றுகள் ஒரு வட்டார அலுவலகத்தில் மாதக்கணக்கில் கிடந்தன. தவணை வந்தபோது அவற்றில் சில கன்றுகள் உயிரோடு இல்லை. அந்தக் குடும்பங்களின் முன்னால் நான் தலைகுனிந்து நின்றதை இன்னும் மறக்கவில்லை.

இனி சர்ரா நோய். இரத்தத்தில் வாழும் டிரிப்பனோசோமா என்னும் ஒட்டுண்ணியால் வருவது. மழைக்குப் பின் பெருகும் கடிக்கும் ஈக்கள் பரப்புவது. மூன்றாண்டு இழுத்து இழுத்துக் கொல்வதால் ராய்க்காக்கள் இதைத் ‘திபர்சா’ என்கிறார்கள். விட்டு விட்டு வரும் காய்ச்சல், உருகும் திமில், வீங்கும் கால் என மெல்ல வெளிப்படும் இந்நோய் சினைப்பெட்டைகளின் கருவைக் கலைத்துவிடுவதால், ஈற்றுக் கணக்கை அடியோடு குலைத்துவிடுகிறது. கால்வாய்ப் பாசனம் வந்து நீர் தேங்கும் பகுதிகளில் ஈக்களுக்குக் குறைவே இல்லை. குயினாபிரமின் என்ற மருந்து இருக்கிறது. சரியான கலவையில் போட்டால் சில மாதங்களுக்கு முற்காப்பும் தரும். ஆனால் வளர்ப்பவர்கள் அதைக் கடையில் தாங்களே வாங்கி, கண்மதிப்பில் எடை கணித்து, பணத்துக்கேற்ப அளவைக் குறைத்துப் போடுகிறார்கள். அரைகுறை அளவு ஒட்டுண்ணிக்கு மருந்தைத் தாங்கும் வலிமையைக் கற்றுக்கொடுக்கிறது. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி வரும் ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது நோய் வந்தபின் அழைப்பவருக்கானது. சர்ராவுக்கு வேண்டியது, பருவமழை இறங்குமுன் மந்தைகளின் தடம் தெரிந்து போய், மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்து எடை கணித்து, மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் ஊசி போடுகிற குழு. குளிர்காலச் சொறிக்கும் அதே குழு போதும். அதைப் பற்றி விரித்தெழுதத் தேவையில்லை.

மருத்துவன் என்ற முறையில் சொல்லக் கூசுகிறேன். ஆனாலும் உண்மை இதுதான்: மந்தையின் நலத்தில் மருந்தின் பங்கு சிறிது, மேய்ச்சலின் பங்கே பெரிது. ஒட்டகம் ஒரே இடத்தில் நின்று மேய்வதில்லை. ஒரு வன்னி மரத்தில் இரண்டு வாய், ஓர் உகாயில் நான்கு வாய், கருவேலத்தில் கொஞ்சம், இலந்தையில் கொஞ்சம் என்று நடந்துகொண்டே தின்னும். 36 வகைச் செடிகளை ஒட்டகம் மேய்கிறது என்பது ராய்க்காக்களின் வாய்மொழி. இந்த நடைதான் செடியை மொட்டையாகாமல் காக்கிறது; ஒட்டகத்துக்கும் பல்வகைச் சத்தைத் தருகிறது. உப்பு மற்றக் கால்நடைகளைவிடப் பல மடங்கு வேண்டும் என்பதால் உவர்நிலத்துச் செடிகளுக்கு மந்தையை அவ்வப்போது ஓட்டிப் போக வேண்டும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்த நிலங்களில் ஒட்டகம் கிடந்த எலும்பை எடுத்து மெல்லும். பாலை வழியில் உலர்ந்து கிடக்கும் வெள்ளெலும்பு ஒட்டகத்தின் பசியைத் தீர்ப்பதாக அகநானூற்றின் 245-ஆம் பாடல் கூறுகிறது. மாணவப் பருவத்தில் அதைக் கற்பனை என்று எண்ணியிருந்தேன். பிகானேர்ப் பக்கம் ஒரு பெட்டை எலும்பைக் கடைவாயில் ஒதுக்கி மென்றுகொண்டு நின்றதைக் கண்ட நாளில்தான், பாடியவர் கண்டதையோ கண்டவரிடம் கேட்டதையோ பாடியிருக்கிறார் என்று விளங்கியது. சுண்ணாம்பும் மணிச்சத்தும் உப்பும் சேர்ந்த தாதுக்கட்டிகளை நீர்த்தொட்டிகளின் ஓரம் வைத்தாலே இந்தக் குறை தீரும்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். தாகத்தோடு வந்த ஒட்டகம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நூறு லிட்டர் குடித்துவிட்டு, கோடையில்கூடச் சில நாள் நீரின்றி மேயும். ஆகவே நீர்நிலைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் உள்ளன என்பதே எவ்வளவு நிலம் மேய்ச்சலுக்குப் பயன்படும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஊர்க்கோடியில் ஓர் ஆழ்துளைக் கிணற்றைத் தோண்டி, ஒரே தொட்டியைக் கட்டிவிட்டால், எல்லா மந்தையும் அங்கேயே மொய்த்து அந்தச் சுற்றுவட்டம் மண்ணாகிவிடும். தொட்டிகள் தடங்களை ஒட்டிப் பரவலாக அமைய வேண்டும். எங்கே என்பதை மந்தைக்காரர்களைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

இந்த நடைக்கு இன்று இடம் இல்லை என்பதே ஒட்டகத்தின் முதல் நோய். இந்திரா காந்தி கால்வாய் கங்காநகரிலிருந்து ஜெய்சல்மேர் வரை பழைய மேய்ச்சல் வெளிகளை வயல்களாக்கியது. மழைக்காலத்தில் வயல்களில் பயிர் நிற்கும்போது மந்தைகள் ஒதுங்கிய ஆரவல்லிக் காடுகளில், கும்பல்கர் வனவிலங்குச் சரணாலயம் போன்றவற்றில், இப்போது நுழைவதே குற்றமாகப் பார்க்கப்படுகிறது. 2006-இன் வன உரிமைச் சட்டம் நாடோடி மேய்ச்சல் சமூகங்களின் பருவகால மேய்ச்சலைத் தெளிவாக உரிமையென்று சொல்கிறது. ஆனால் அந்த உரிமையைக் கோரி நிற்கும் ராய்க்காவிடம் அதைக் காட்ட ஒரு தாள்கூட இல்லை. அப்போது ஜோத்பூர் மாவட்டத்தில் இருந்த பட்லாவில் 2,245 மெகாவாட் சூரிய மின்பூங்கா எழுந்தது. ஜெய்சல்மேரிலும் பிகானேரிலும் மேலும் மேலும் எழுகின்றன. சூரிய மின்சாரம் நாட்டுக்கு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்று எழுதப்பட்ட நிலம் தரிசு அல்ல. அங்கே நின்ற வன்னி மரம் ஒவ்வொன்றும் ஒரு தீவனக் கிடங்கு. வேலி போடுமுன் அந்த இடத்தில் எந்த மந்தை எந்த மாதம் மேய்கிறது என்று கேட்கும் கடமையை உங்கள் துறை ஏற்க வேண்டும். இன்று அதைக் கேட்பதற்கு எந்தத் துறையும் இல்லை.

ஓரண்கள் எனப்படும் தெய்வக்காடுகளைக் கணக்கெடுத்துக் காடுகளாக அறிவிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஆணையிட்டது. அவற்றைக் காக்க இது உதவும். ஆனால் காடு என்ற பெயர் வந்த மறுநாளே மேய்ச்சலுக்குத் தடை வருமோ என்ற அச்சம் கிடைகளில் இருக்கிறது. மரத்தை வெட்டாமல், மந்தையை மட்டும் மேயவிட்டுத் தலைமுறைகளாக அந்தக் காடுகளைக் காத்தவர்களே அவற்றிலிருந்து வெளியேற்றப்படக் கூடாது. அறிவிக்கையிலேயே மேய்ச்சல் உரிமை எழுதப்படுமாறு கால்நடைத் துறை வனத்துறைக்கு எழுத வேண்டும்.

ஆண் ஒட்டகத்தின் நிலையை நினைத்தால் மனம் கனக்கிறது. நூறு ஒட்டக மந்தைக்கு ஒன்றிரண்டு பொலி ஆண்களே போதும், மற்றவை விற்பனைக்குரியவை. ராய்க்காக்கள் பெட்டையை விற்பதில்லை, பால் விற்பதுகூட அண்மைக்காலம் வரை அவர்களுக்கு இழுக்கு. ஆகவே புஷ்கர் போன்ற சந்தைகளில் விற்கும் ஆண்களே அவர்களுடைய ஆண்டு வருமானம். 2015 சட்டம் கொலையைத் தடுத்ததோடு நிற்காமல், அனுமதியின்றி மாநில எல்லையைக் கடப்பதையும் தடுத்தது. வெளிமாநில வாங்குபவர் குறைந்தார், விலை சரிந்தது, வளர்ப்பதில் பொருளில்லை என்று இளைஞர்கள் பெங்களூருவுக்கும் மும்பைக்கும் கூலிக்குப் போனார்கள். இறைச்சியைப் பற்றிய கேள்வியில் அந்தச் சமூகமே கூடிப் பேசி முடிவெடுக்கட்டும். அதில் என் கருத்தைத் திணிக்க மாட்டேன். ஆனால் வண்டிக்கும் சுற்றுலாவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் வாங்கிச் செல்பவருக்கு, சந்தைத் திடலிலேயே அன்றே அனுமதிச் சீட்டு கிடைக்கச் செய்வதில் என்ன தடை இருக்கிறது? விற்க முடியாத விலங்கை எந்தக் குடும்பமும் நெடுங்காலம் வளர்க்காது.

பால் இந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடு செய்யும். குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் சர்ஹத் பால்பண்ணை மந்தைகளிடமிருந்து ஒட்டகப்பாலைத் திரட்டி, 2019 ஜனவரியில் அமுல் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அலையாத்திக் காடுகளுக்கு நீந்திச் சென்று மேயும் காராய் இனத்தை வளர்ப்பவர்களுக்கும் அதனால் மாதந்தோறும் கையில் பணம் வருகிறது. வடகென்யாவின் இசியோலோவில் சோமாலிப் பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, புதர்க்காட்டு மந்தைகளிலிருந்து வரும் பாலைச் சோதித்து, குளிரூட்டி, பேருந்தில் நைரோபிக்கு அனுப்பி விற்கிறார்கள். இரண்டு இடத்திலும் மந்தை தன் தடத்தில் நடந்துகொண்டிருக்கிறது. பாலைத் தேடிப் போவது வாகனம். இராஜஸ்தானிலும் மேய்ச்சல் தடங்களை ஒட்டிச் சூரிய ஆற்றலில் இயங்கும் சிறு குளிரூட்டும் நிலையங்களை வைத்து, கொள்முதல் விலையை ஆண்டுக்கு முன்கூட்டியே அறிவித்தால் போதும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: ஒட்டகப்பாலைச் சர்க்கரை நோய்க்கு மருந்து என்று விளம்பரம் செய்ய இடமளிக்காதீர்கள். ஆய்வுகள் நம்பிக்கை தருபவைதாம்; ஆனால் இன்சுலினை நிறுத்திவிட்டுப் பாலை நம்பும் ஒரு நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால், அந்தப் பழி மந்தைக்காரர் தலையில் விடியும். பால் நல்ல உணவு, உணவாகவே விற்கப்படட்டும்.

2024 பிப்ரவரியில் தேசிய கால்நடை இயக்கத்தில் ஒட்டகத்தைச் சேர்த்ததற்கு நன்றி. ஆனால் அதில் தொழில்முனைவோருக்கான 50 லட்சம் ரூபாய் வரையிலான மானியம் நிலமும் வங்கிக் கடனும் உள்ளவரையே சென்றடையும். தலைமுறையாக மந்தை காக்கும் ஒருவரை அது சென்றடையாது. விந்து நிலையத்துக்கு ஒதுக்கும் பணத்தையும் மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன். பெட்டை ஒட்டகம் இணைசேர்ந்தால்தான் கருமுட்டையை விடும். ஆணின் விந்து பிசினைப்போல் கெட்டியாக இருப்பதால் பிரிப்பதும் உறைய வைப்பதும் கடினம். பசுவுக்குப் பயன்பட்ட வழி இங்கே எளிதில் பயன்படாது. ராய்க்காக்கள் சில ஆண்டுக்கொரு முறை பொலி ஆணை மாற்றி, வேற்று மந்தையிலிருந்து கொண்டுவந்து இரத்தக் கலப்பைத் தவிர்ப்பவர்கள். ஆண்களின் எண்ணிக்கை குறையக் குறைய அந்தத் தேர்வு சுருங்குகிறது. பாலுக்குப் பெயர்பெற்ற மேவாரி இன மந்தைகளில் தாய்களின் கறவையைப் பதிவு செய்து, சிறந்த தாயின் ஆண்கன்றுகளை வளர்த்து மந்தைகளுக்கிடையே சுழற்றிவிட, 1984 முதல் இயங்கும் பிகானேர் தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையத்துக்கு அதே பணத்தைத் தரலாம்.

2024 அக்டோபரில் தொடங்கிய 21-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் மேய்ச்சல் சமூகங்களின் விவரங்கள் முதன்முறையாகத் தனியே பதிவாயின. அந்தப் பதிவிலிருந்து ஒவ்வொரு ஒட்டக மந்தைக்கும் ஒரு மந்தை அட்டை வழங்குங்கள். எந்த மாதம் எந்தத் தடம், எத்தனை பெட்டை, எத்தனை ஈற்று, எத்தனை கன்று பிழைத்தது, எந்தத் தேதியில் ஊசி என்பவை அதில் இருக்கட்டும். காட்டில் நுழையவும், சந்தையில் விற்கவும், மருந்து பெறவும், கன்றுக்கான தொகையை எந்த வட்டாரத்திலும் கோரவும் அந்த ஒரே அட்டை செல்லுபடியாகட்டும்.

முதல் வேலையாக, வரும் பருவமழைக்கு முன், பாலி மாவட்டத்து மந்தைகளுக்குச் சர்ரா ஊசி போடும் குழு ஒன்றை அனுப்பி வையுங்கள். தடம் காட்ட வேண்டுமானால், ஓய்வு பெற்றவனாயினும் நான் உடன் வரச் சித்தமாயிருக்கிறேன்.

மதிப்புடன்,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்